தினமும் ஒரு மரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்க்கிறேன். மனம் மட்டும் பிடிபடவில்லையே?

கூறைநாட்டுக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 48 வயது. மயிலாடுதுறையில் வசிக்கிறேன். 22 ஆண்டுகள் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். மாமனார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த பிறகு, சென்ற ஆடியில் வேலையை விட்டுவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, அது நானாக எடுத்த முடிவு. கணவரும் நாத்தனாரும் முடிந்தவரை தோள் கொடுக்கிறார்கள், மாமனாரும் சிடுசிடுக்கும் குணம் உள்ளவர் அல்லர். ஆகவே குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன், இப்போதும் சொல்கிறேன்.

ஆனாலும் சில மாதங்களாக, பால் பொங்கி வழிந்தாலோ, யாராவது கதவைச் சற்று ஓங்கிச் சாத்தினாலோ, கண்ணில் நீர் முட்டும் அளவுக்குக் கோபம் வருகிறது. ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு அருகில் உள்ள ஏதாவது ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசி இல்லாமல் தினமும் 15 நிமிடம் பார்க்கும்படியும், கண்ணில் பட்டதையும் அப்போது மனத்தில் எழுந்ததையும் எழுதிவைக்கும்படியும் சொன்னார்.

எங்கள் கொல்லையில் ஒரு பூவரசு நிற்கிறது. கணக்கெழுதிய கை சும்மா இருக்காதல்லவா? குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் மனத்தில் தோன்றியது. இன்றோடு 41 நாட்கள் ஆகின்றன. இடப்பக்கம் நிரம்பி வழிகிறது: ‘மஞ்சள் பூ 7, நடுவில் அரக்கு நிறம், தேன்சிட்டு 2 முறை வந்தது, கட்டெறும்பு வரிசை தெற்குக் கிளையில் ஏறுகிறது, பழுத்த இலை 3 விழுந்தது.’ வலப்பக்கத்தில் 41 முறையும் ‘ஒன்றுமில்லை’ என்றே எழுதியிருக்கிறேன். நான் தவறாகச் செய்கிறேனா? அல்லது இந்த முறை என்னைப் போன்றவர்களுக்கு ஒத்துவராதா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

வலசை எழுதியது:

அம்மா, வணக்கம். நான் மனநலம் படித்தவன் அல்லன். பதினெட்டு ஆண்டுகளாகப் பறவைகளைப் பார்த்துக் குறிப்பு எழுதிவருபவன் என்ற அளவில் மட்டும் சொல்கிறேன்.

உங்கள் இடப்பக்கத்தைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக எழுதுவார்கள். ‘தனித்திருக்கும் கொக்கு என் தனிமையைச் சொன்னது’ என்று ஒரு பக்கம் ஓடும், ஆனால் அது உண்ணிக்கொக்கா சின்னக்கொக்கா என்று கேட்டால் பதில் இருக்காது. கொக்கு மீனுக்காகத்தான் நிற்கிறது. அதன் மேல் நம் சோகத்தை ஏற்றிவிட்டால் கொக்கையும் பார்க்கமாட்டோம், சோகத்தையும் பார்க்கமாட்டோம். சென்னையில் வாழ்ந்த இயற்கையாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் விடாமல் பத்தி எழுதினார். அணிலையும் காக்கையையும் பற்றிக்கூட, யானையைப் பற்றி எழுதும் அதே மரியாதையோடு எழுதியவர் அவர். அந்த மரியாதை முதலில் வரவேண்டும் என்பது என் எண்ணம், அது உங்களிடம் இருக்கிறது.

எனக்கு ஓர் ஐயம் மட்டும் உண்டு. நீங்கள் எடுத்துக்காட்டிய குறிப்பில் பூ மஞ்சளாகவே இருக்கிறது. பூவரசம்பூ விரியும்போதுதான் மஞ்சள். பொழுது சாயச் சாயச் சிவந்து, வாடும்போது ஊதா கலந்த செந்நிறமாகிவிடும். வாடிய பிறகும் உடனே உதிராமல் மரத்திலேயே தொங்கும். 41 நாட்களில் அந்த நிறம் ஒருமுறையாவது பதிவாகியிருக்கிறதா? எந்த நேரத்தில் உட்காருகிறீர்கள்?

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நண்பர் வலசை நேரத்தைக் கேட்டது நல்ல கேள்வி. அதை வேறொரு பக்கத்திலிருந்து தொடர்கிறேன், கொஞ்சம் நீண்டால் பொறுத்தருள்க. வகுப்பறை போனாலும் வாய் போகவில்லை.

நம் அகப்பாடல் மரபு உணர்ச்சியை எங்கே வைத்தது என்று பாருங்கள். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். அடுத்தது கருப்பொருள், அதாவது அந்த நிலத்தின் மரம், பூ, பறவை, விலங்கு, உணவு, தொழில், பறை வரை எல்லாம். உரிப்பொருளாகிய உணர்ச்சி மூன்றாவதாகத்தான் வருகிறது. உணர்ச்சி இல்லாமல் பாட்டே இல்லை என்பதை அறிந்தவர்கள்தாம் அதை வரிசையில் கடைசியில் நிறுத்தினார்கள். இன்ன இடத்தில், இன்ன பொழுதில், இன்ன பூவருகே நிற்கிறாள் என்று சொன்னாலே என்ன நினைக்கிறாள் என்பது பாதி விளங்கிவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. உள்ளுறையில் இன்னும் ஒரு படி மேலே போய், கருப்பொருளை மட்டும் விரித்துச் சொல்லி உணர்ச்சியைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். ஆகவே உங்கள் வலப்பக்கம் வெறுமையாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் உங்கள் இடப்பக்கத்தில் கருப்பொருள் இருக்கும் அளவுக்கு முதற்பொருள் இல்லை என்பதுதான் என் குறை.

ஒரு நாளைப் பத்து நாழிகை கொண்ட ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்து, ஒவ்வொரு திணைக்கும் உரிய பொழுதைச் சொன்னார்கள். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு. எற்பாடு என்பது பொதுவாகப் பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரை என்று கொள்ளப்படுகிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், அதாவது வருந்துதல். இதைச் சோதிடம் போல எடுத்துக்கொள்ள வேண்டாம். விடியலில் ஒருத்திக்குத் தோன்றுவது அந்தியில் தோன்றாது, அவ்வளவுதான். நீங்கள் ஒரே பொழுதில் உட்கார்ந்துவிட்டு எல்லாப் பொழுதுக்கும் சேர்த்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

---

மழைத்துளி_87 எழுதியது:

கைப்பேசியில் பறவை ஒலி, மழை ஒலி கேட்க நிறைய செயலிகள் இருக்கின்றன, அவற்றை முயன்று பாருங்கள். எனக்கு நல்ல தூக்கம் வருகிறது.

---

கூறைநாட்டுக்காரி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மழைத்துளி அவர்களுக்கு: தூக்கம் எனக்குக் குறையில்லை, படுத்தால் உறங்கிவிடுகிறேன்.

வலசை ஐயா, குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். 41 பதிவுகளும் காலை 6.45க்கும் 7.15க்கும் இடைப்பட்டவை. சிவந்த பூவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காலையில் தரையில் கிடப்பவற்றைப் பெருக்கித் தள்ளியிருக்கிறேன், பார்த்ததாக எழுதவில்லை. மாலையில் உட்கார நேரம் கிடைப்பதில்லை.

(திருத்தம்: மேலே எழுதியது உண்மையல்ல. மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் 4 மணிக்கு வந்து 6 மணி வரை இருக்கிறார். அந்த நேரத்தில் எனக்குக் கட்டாயமான வேலை எதுவும் இல்லை. எழுதி அனுப்பிய பிறகுதான் உறைத்தது.)

---

தென்னந்தோப்பு எழுதியது:

அந்தத் திருத்தத்தைப் படித்த பிறகுதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன்பு, வேலையற்றவர்களின் பேச்சு என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன், மன்னிக்கவும். பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி நான். நாங்கள் பூவரசுப் போத்தை வெட்டி வேலியில் ஊன்றுவோம், இலையில் கொழுக்கட்டை அவிப்போம், நிழலில் மாட்டைக் கட்டுவோம். அதன் முன் அமர்ந்து மனத்தைப் பார்த்ததில்லை.

ஆனால் 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, என் ஒன்றரை ஏக்கர் தோப்பில் நூறு மரங்களுக்கு மேல் சாய்ந்தன. ஒன்பது மரங்கள் நின்றன. நிவாரணம், மரம் அப்புறப்படுத்துவது, கடன் என்று ஓடிக்கொண்டே இருந்ததால் நான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று எண்ணினேன். நான்கைந்து மாதம் கழித்து என் மனைவி, ‘ஏன் இப்போதெல்லாம் குளத்தைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறீர்கள்?’ என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகளை என்னால் பார்க்க முடிந்தது, அவற்றை எண்ணிக் கணக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நின்ற ஒன்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மற்றவை எவ்வளவு உயரம் இருந்தன என்பதை அவை காட்டிக்கொண்டிருந்தன. அதைத் தெரிந்துகொண்ட அன்று நேர்வழியில் போனேன். வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

எனவே நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதை விட, எதைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவே.

---

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். நான் மனநலப் பிரிவில் பணியாற்றும் செவிலியர். மேலே உள்ளவர்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஒரு குழப்பத்தை மட்டும் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

மரத்தைப் பார்ப்பது உடம்புக்கு அமைதி தருகிறது என்பது ஒன்று. 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளில், சன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்களையும் செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களையும் 23 இணைகளாக ஒப்பிட்டார். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வலிமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆனால் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவர் அறிந்துகொள்வது இதிலிருந்து வேறுபட்ட விஷயம். அது அமைதியோடு வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. பெரும்பாலும் ஒரு சங்கடத்தோடுதான் வரும். ‘மரத்தடியில் உட்கார்ந்தும் எனக்கு நிம்மதி கிடைக்கவில்லையே’ என்று வருந்துபவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் வெறும் வலப்பக்கத்தைப் பற்றி: ஜப்பானிய மனநல மருத்துவர் ஷோமா மொரிட்டா (1874–1938) உருவாக்கிய சிகிச்சை முறையில், நோயாளி முதலில் சில நாட்கள் எந்த வேலையும் இல்லாமல் படுக்கையிலேயே இருப்பார். பிறகு தோட்டத்துக்கு வந்து, செடிகொடிகளைக் கவனித்தபடி சிறு சிறு வேலைகளைச் செய்வார், நாட்குறிப்பு எழுதுவார், மருத்துவர் அதைப் படித்துக் கருத்து எழுதுவார். ‘உன் உணர்ச்சியை ஆராய்ந்து எழுது’ என்று அங்கே கேட்பதில்லை. நோயைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பதை விடச் செய்ததையும் கண்டதையும் எழுதுவதே விரும்பப்பட்டது. எனவே வலப்பக்கத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். வேண்டுமானால் அங்கே உணர்ச்சியின் பெயருக்குப் பதிலாக உடம்பை எழுதுங்கள்: தோள் இறுகியதா, பல்லைக் கடித்தீர்களா, எத்தனையாவது நிமிடத்தில் எழ வேண்டும் என்று தோன்றியது. அது கண்ணுக்குத் தெரியும் செய்தி, இடப்பக்கம் எழுதுவது போலவே எழுதலாம்.

ஒரு முன்னெச்சரிக்கை. கோபத்தோடு உறக்கமின்மையோ, உணவில் வெறுப்போ, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணமோ சேர்ந்தால் மரத்தை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இதை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை, இந்தத் தலைப்பைத் தேடி வரும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

---

கூறைநாட்டுக்காரி எழுதியது:

பதின்மூன்று நாட்கள் கழித்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே பதிகிறேன்.

முதல் நாள் மாலை 5.10க்கு நாற்காலியைக் கொல்லையில் போட்டேன். பூவரசில் காலையில் எண்ணிய 5 பூக்களும் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. மழையில் கரைந்த செங்கல் நிறம் என்று எழுதினேன், ஆனால் அது சரியான ஒப்புமை அன்று, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். முந்தைய நாள் பூக்கள் முழுக்கச் சிவந்து, கூம்பித் தொங்கின. இத்தனை நாளும் இவற்றுக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். நான்காவது நிமிடத்தில் கொடியில் காயும் துணி நினைவுக்கு வர, எழுந்துவிட்டேன். இரண்டாம் நாள் மூன்றாவது நிமிடம், காப்பிக்குப் பால் வைக்க. மூன்றாம் நாள் ஆறாவது நிமிடம், காரணம் எழுதவில்லை. செவிலியர் அம்மா சொன்னபடி வலப்பக்கத்தில் உடம்பை எழுதினேன்: ‘கழுத்தின் பின்புறம் இறுக்கம். கால் தரையில் நிற்கவில்லை, ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.’

ஐந்தாம் நாள்தான் அது நடந்தது. தெருமுனையில் நகரப் பேருந்து நின்று புறப்படும் சத்தம் கொல்லை வரை கேட்கும். அன்று அது கேட்டதும் என் கை, மடியில் இல்லாத கைப்பையைத் தேடியது. பேரேட்டில் எங்கோ ஒரு பதிவு விடுபட்டிருந்தால் ஐந்தொகை உதைக்கும், அதாவது கணக்கின் இரு பக்கமும் ஒத்துவராது, எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரவு வரை தேடுவோம், திடீரென்று அந்த வரி கண்ணில் படும். அப்படித்தான் பட்டது. மாலை 5.20க்கு அந்தப் பேருந்திலிருந்துதான் 22 ஆண்டுகள் நான் இறங்கினேன். அங்கிருந்து வீடு வரை 12 நிமிட நடை. வழியில் ஒரு முழம் பூ வாங்குவேன், சில நாட்களில் அதுவும் இல்லை. அலுவலகத்தில் யாரும் கூப்பிட முடியாது, வீட்டில் இன்னும் யாரும் கூப்பிடத் தொடங்கவில்லை. நான் யாருக்கும் எதுவாகவும் இல்லாமல் இருந்த நேரம் அந்த 12 நிமிடங்கள்தாம். வேலையை இழந்ததில் உனக்கு வருத்தமா என்று கேட்டவர்களிடமெல்லாம் இல்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை. அந்த வேலை எனக்கு அலுத்துப்போயிருந்தது. நடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

பிறகு, பழக்கதோஷம், கோபம் வந்த நாட்களை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தேன். நினைவுக்கு வந்தவை 11. பால் பொங்கியது மாலைக் காப்பிக்கு வைத்தபோது. கதவைச் சாத்தியது கணவர், வேலையிலிருந்து திரும்பி வந்தபோது. இரண்டைத் தவிர மற்ற எல்லாமே 5 மணிக்கும் 6.30க்கும் இடையில் நடந்தவை. அவர் வெளியிலிருந்து வருகிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது வெகுநேரம் எதுவும் பேசவில்லை, மறுநாள் கதவை மிக மெதுவாகச் சாத்தினார், அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எதற்கு வருகிறது என்று தெரிந்து வந்த கோபம் என்பதால் சிரித்துவிட்டேன்.

தமிழாசிரியர் ஐயா, எற்பாடு என்று நீங்கள் எழுதியதை அன்று படித்துவிட்டுக் கடந்துவிட்டேன். இப்போது அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். தோப்புக்கார அண்ணன் சொன்ன குளத்தங்கரை எனக்கும் இருந்திருக்கிறது, அதைத் துணியும் பாலும் என்று பெயரிட்டு வைத்திருந்தேன்.

மாலையில் பேருந்து நிறுத்தம் வரை நடந்து பார்த்தேன். சரியாக வரவில்லை. வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கே திரும்புவது வேறு மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு மாலையில் நாற்காலியில் 15 நிமிடம் உட்கார முடிகிறது. நேற்று இறுதிவரை எழவில்லை.

வலசை ஐயாவிடம் ஒரு கேள்வி. மரத்தடியில் உதிர்ந்த காய்களின் மேல், சிவப்பும் கறுப்புமாகச் சிறு பூச்சிகள் நூற்றுக்கணக்கில் மொய்க்கின்றன. ஒன்றன் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு போகின்றன. மரத்துக்குக் கேடா? மருந்தடிக்க வேண்டுமா?

---

வலசை எழுதியது:

வேண்டாம் அம்மா. அது பருத்தியில் வரும் சிவப்பு நாவாய்ப்பூச்சி வகையைச் சேர்ந்ததாக இருக்கும். பூவரசும் பருத்தியும் செம்பருத்தியும் ஒரே குடும்பம். விதையின் சாற்றை உறிஞ்சும், மரத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லை. ஒட்டிக்கொண்டு போவது இணைசேரும் பூச்சிகள். அளவில் பெரியது பெண், வழியைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்யும். மாலையிலும் அதே எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று முடிந்தால் எழுதுங்கள்.